அமெரிக்காவுல திவால்: வக்கீல் என்ன செய்யணும், நாம என்ன சொல்லணும்?



நம்ம ஊர்ல ஒருத்தர் கடன்ல மூழ்கிட்டா, "அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்"னு சொல்வாங்க. இல்லேன்னா "ஐ.பி. கொடுத்துட்டான்"னு சொல்வாங்க. ஐ.பி.ன்னா இன்சால்வென்சி பெட்டிஷன். "என்னால கடனைத் திருப்பிக் கட்ட முடியல"ன்னு கோர்ட்டுல கொடுக்கிற மனு, அவ்வளவுதான். ஆனா அதைச் சொல்லும்போதே எல்லாருக்கும் குரல் தாழ்ந்துடும், ஏதோ திருட்டு கேஸ் மாதிரி.

இந்த செமஸ்டர்ல ஒரு மேனேஜ்மென்ட் எலக்டிவ்வுக்காக அமெரிக்கத் தனிநபர் திவால் சட்டத்தைப் படிக்க வேண்டி வந்துச்சு. படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் தோணுச்சு. நம்ம பேட்ச்லயே எத்தனையோ பேர் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகப் போறாங்க. டோஃபல், விசா இன்டர்வியூ, பேங்க் லோன் பத்தியெல்லாம் சீனியர்ஸ் சொல்லித் தருவாங்க. ஆனா அங்க போய் வேலை போயிட்டா, ஆஸ்பத்திரி பில் ஒண்ணு பெருசா வந்துட்டா, கடன் கைமீறிப் போயிட்டா என்ன பண்றதுன்னு யாரும் பேசுறதில்ல. அதான் இந்தக் கட்டுரை.

அங்க திவால் மனு கொடுக்கப் போற ஒருத்தர் தன் வக்கீல்கிட்ட என்னென்ன எதிர்பார்க்கலாம்ங்கிறதுதான் பாடம். முதல்லயே முடிவைச் சொல்லிடறேன். வக்கீல் கடனை மந்திரம் போட்டு அழிக்கிறவர் இல்ல. உங்க கணக்கை உண்மையா, முழுசா கோர்ட் முன்னாடி வைக்க உதவுறவர். அவர் உங்களுக்கு என்ன செய்யணும்னு சட்டமே எழுதி வெச்சிருக்கு. ஆனா அதெல்லாம் பலிக்கணும்னா நீங்க எதையும் மறைக்கக் கூடாது.

ஒரு சின்ன குறிப்பு: தமிழ்ல "கடன்காரன்"னா கடன் கொடுத்தவனும்தான், வாங்கினவனும்தான். குழப்பம் வேண்டாம்னு நான் "கடன் கொடுத்தவங்க", "கடன் வாங்கினவர்"னே எழுதறேன்.

1. முதல்ல அடிப்படை

அமெரிக்காவுல திவால் என்பது மத்திய அரசு சட்டம். இப்போ இருக்கிற பேங்க்ரப்ட்சி கோட் 1978-ல நிறைவேறி 1979 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு. 2005-ல அதைப் பெரிய அளவுல திருத்தினாங்க. கேஸ் நடக்கிறது ஃபெடரல் பேங்க்ரப்ட்சி கோர்ட்டுல. சாதாரண சம்பளக்காரருக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு.

சாப்டர் 7: உங்க சொத்துல சட்டம் விட்டு வைக்கிற பகுதி போக மிச்சம் இருந்தா, டிரஸ்டின்னு ஒருத்தர் அதை வித்து, கடன் கொடுத்தவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பார். நடைமுறையில பெரும்பாலான சம்பளக்காரர்கள் கேஸ்ல விக்கிறதுக்கு ஒண்ணுமே இருக்காது. கடைசியில பல கடன்கள் ரத்தாகும். இதுக்குப் பேரு டிஸ்சார்ஜ். மனு போட்டதுல இருந்து ஏறத்தாழ 4 மாசத்துல முடிஞ்சுடும்.

சாப்டர் 13: தொடர்ந்து வருமானம் வர்றவங்களுக்கு. 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டு மாசாமாசம் டிரஸ்டிகிட்ட கட்டணும். திட்டம் முடிஞ்சதும் மிச்சக் கடன்ல பலதும் டிஸ்சார்ஜ் ஆகும். வீட்டுக் கடன் தவணை பாக்கி வெச்சிருந்து, வீடு ஏலத்துக்குப் போகாம காப்பாத்த நினைக்கிறவங்க பெரும்பாலும் இதைத்தான் எடுப்பாங்க.

ரெண்டுலயும் மனு போட்ட அந்த நிமிஷமே "ஆட்டோமேட்டிக் ஸ்டே" வந்துடும். நம்ம ஊர் ஸ்டே ஆர்டர் மாதிரிதான், ஆனா தனியா ஜட்ஜ் ஆர்டர் போட வேண்டியதில்ல. வசூல் போன், சம்பளத்துல பிடித்தம், வீடு ஏலம், கடன் கேஸ் எல்லாம் பெரும்பாலும் அப்படியே நிக்கணும். ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

டிரஸ்டியையும் வக்கீலையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. டிரஸ்டி உங்க ஆள் இல்ல. கடன் கொடுத்தவங்களுக்குச் சேர வேண்டியது எங்கேயாவது இருக்கான்னு பார்க்கிறதுதான் அவர் வேலை. உங்க பக்கம் நிக்கிறவர் உங்க வக்கீல் மட்டும்தான்.

2. முதல் சந்திப்பு: கேள்வி கேட்கிற வக்கீல்தான் நல்ல வக்கீல்

டாக்டர்கிட்ட போனா, நாம வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மருந்துச் சீட்டு எழுதினா நமக்கு நம்பிக்கை வருமா? இங்கயும் அதேதான். முதல் சந்திப்புல வக்கீல் நிறைய கேட்கணும்.

வருமானம் எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கடனுக்கு எது அடமானம், கூட கையெழுத்துப் போட்டது யாரு, போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்களுக்குப் பணம் கொடுத்தீங்களா, எதையாவது பேர் மாத்துனீங்களா, இதுக்கு முன்னாடி திவால் மனு போட்டிருக்கீங்களா — இதெல்லாம் கேட்காம "சாப்டர் 7 போட்டுடலாம்"னு சொன்னா எழுந்து வந்துடலாம்.

அவர் செய்ய வேண்டிய முதல் கணக்கு மீன்ஸ் டெஸ்ட். மனு போடுற மாசத்துக்கு முந்தின 6 மாச வருமானத்தோட சராசரியை எடுத்து, அதை ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டு, உங்க மாநிலத்துல அதே அளவு குடும்பத்தோட மீடியன் வருமானத்தோட ஒப்பிடுவாங்க. அதுக்குக் கீழ இருந்தா சாப்டர் 7-க்கு இந்தத் தடை இல்ல. மேல இருந்தா அனுமதிக்கப்பட்ட செலவுகளைக் கழிச்சு இன்னொரு கணக்கு வரும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. வேலை போன மாசமே மனு போட்டா, பழைய சம்பளம் 6 மாசச் சராசரியில உக்காந்திருக்கும். ரெண்டு மூணு மாசம் பொறுத்தா சராசரி இறங்கும். எப்போ போடணும்னு சொல்றதும் வக்கீலோட வேலைதான்.

சில சமயம் "உங்களுக்குத் திவால் வேண்டாம்"னு சொல்றதும் அவர் வேலைதான். கடன் கொடுத்தவங்ககிட்ட நேரடியாப் பேசித் தவணை மாத்தலாம். சிலருக்கு வசூல் பண்றதுக்கு ஏத்த சொத்தோ வருமானமோ இருக்காது. ஒரு தடவை சாப்டர் 7-ல டிஸ்சார்ஜ் வாங்கிட்டா, அந்த மனு தேதியில இருந்து 8 வருஷத்துக்கு இன்னொரு சாப்டர் 7 டிஸ்சார்ஜ் கிடைக்காது. அதனால அதை எப்போ பயன்படுத்துறதுன்னு யோசிக்கணும்.

நம்ம ஆட்களுக்கு முக்கியமான ரெண்டு விஷயம். ஒண்ணு, மனு போட அமெரிக்கக் குடியுரிமை தேவையில்ல. அங்க வசிக்கிறவர், தொழிலோ சொத்தோ வெச்சிருக்கிறவர் மனு போடலாம். அது விசாவைப் பாதிக்குமாங்கிற கேள்விக்கு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட தனியா கேட்கணும். நல்ல திவால் வக்கீல் அதைத் தானே சொல்லுவார். ரெண்டாவது, சொத்து எந்த நாட்டுல இருந்தாலும் கணக்குல வரும். ஊர்ல உங்க பேர்ல 3 சென்ட் மனை இருந்தா, அதையும் எழுதணும். "அது இந்தியாவுல இருக்கு, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"னு நினைச்சீங்கன்னா, பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்கும்.

3. எழுத்துல கொடுக்கச் சொல்லுது சட்டம்

2005 திருத்தத்துல "டெட் ரிலீஃப் ஏஜென்சி"ன்னு ஒரு வகையைக் கொண்டு வந்தாங்க. கடன் நிவாரண ஏஜென்சின்னு வெச்சுக்கலாம். வக்கீலும் அதுல சேருவாரான்னு ஒரு சண்டை நடந்துச்சு. 2010-ல மிலாவெட்ஸ் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், "ஆமா, சேருவார்"னு சொல்லிடுச்சு. அதனால பேங்க்ரப்ட்சி கோட் செக்‌ஷன் 526, 527, 528-ல இருக்கிற கடமைகள் வக்கீலுக்கும் பொருந்தும்.

எளிமையா சொன்னா இவ்வளவுதான்:

முதல்ல உதவி தர முன்வந்த 3 வேலை நாளுக்குள்ள, உங்க பொறுப்புகள் என்னன்னு எழுத்துல தெரிவிக்கணும். எல்லாச் சொத்தையும் கடனையும் உண்மையா, முழுசா சொல்லணும். பொய் சொன்னா கேஸ் தள்ளுபடியாகலாம், தண்டனையும் வரலாம்னு அதுல இருக்கும்.

முதல் உதவி செஞ்ச 5 வேலை நாளுக்குள்ள, அதுவும் மனு போடுறதுக்கு முன்னாடியே, எழுத்துல ஒப்பந்தம் போடணும். என்ன வேலை செய்வார், ஃபீஸ் எவ்வளவு, எப்படிக் கட்டணும் எல்லாம் தெளிவா இருக்கணும். கையெழுத்துப் போட்ட காப்பி ஒண்ணு உங்க கைக்கு வரணும்.

செய்யறேன்னு சொன்ன வேலையைச் செய்யாம விடக் கூடாது. மனுவுல பொய்யா எழுதச் சொல்லக் கூடாது. "எப்படியும் திவால் ஆகப் போறோம், அதுக்கு முன்னாடி கார்டைத் தேய்ச்சுக்கோங்க"ன்னு ஆலோசனை தரவே கூடாது.

இதுல இருக்கிற அழகைக் கவனிங்க. பணம் இல்லாம, பயத்துல, வெக்கத்துல வந்து நிக்கிற ஆள் கேள்வி கேட்க மாட்டார்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால அவர் கேட்காமலே கொடுக்கணும்னு வெச்சிருக்காங்க. அந்தப் பேப்பர் வரலேன்னா கேட்டு வாங்குங்க.

4. ஃபீஸ்: ஏன் முன்பணமா கேட்கிறாங்க?

"கையில காசு இல்லாதவன்தான் திவால் ஆகுறான். அவன்கிட்டயே முழு ஃபீஸையும் முன்னாடியே கேட்டா எப்படி?" — இது நியாயமான கேள்வி. காரணம் சட்டத்துலயே இருக்கு.

மனு போடுறதுக்கு முன்னாடி வக்கீலுக்கு நீங்க பாக்கி வெச்சா, அதுவும் மத்த கடன் மாதிரி ஒரு கடன்தான். டிஸ்சார்ஜ்ல அதுவும் போயிடும்! டிரஸ்டி கையில இருக்கிற சொத்துல இருந்து எடுத்துக்கலாமான்னா, சாப்டர் 7-ல அதுக்கும் வழி இல்ல. டிரஸ்டியே கோர்ட் அனுமதியோட அவரை வேலைக்கு வெச்சிருந்தாத்தான் முடியும்னு 2004-ல லேமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனாலதான் சாப்டர் 7 வக்கீல்கள் பெரும்பாலும் முன்பணமா வாங்குறாங்க. சாப்டர் 13-ல ஃபீஸோட ஒரு பகுதியை மாசத் தவணைத் திட்டத்துக்குள்ளேயே வெச்சுக் கட்டலாம்.

கோர்ட் கட்டணம் தனி. சாப்டர் 7-க்கு 338 டாலர், சாப்டர் 13-க்கு 313 டாலர். கேட்டா தவணையில கட்ட விடுவாங்க. வருமானம் ரொம்பக் குறைவா இருந்தா சாப்டர் 7-ல கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணவும் கேட்கலாம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியவர் வக்கீல்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. செக்‌ஷன் 329 படி, மனுவுக்கு முந்தின ஒரு வருஷத்துல உங்ககிட்ட எவ்வளவு வாங்கினார், இன்னும் எவ்வளவு பேசியிருக்கார்னு வக்கீல் கோர்ட்டுக்குக் கணக்குக் கொடுக்கணும். வேலைக்கு மீறின ஃபீஸ்னு பட்டா, திருப்பிக் கொடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.

5. மனு தயாரிப்பு: ரெண்டு பேரும் சேர்ந்து செய்ற வேலை

மனுங்கிறது ஒரு பக்கக் கடுதாசி இல்ல. சொத்து, கடன், வருமானம், செலவு, பழைய பணப் பரிமாற்றங்கள்னு பல படிவங்கள். 60 நாள் சம்பளச் சீட்டு, வரி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வக்கீல் கேட்பார். மனுவுக்கு முந்தின 180 நாளுக்குள்ள, அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்துல கிரெடிட் கவுன்சிலிங் முடிச்சிருக்கணும். அதை மறந்தா கேஸே தள்ளுபடியாகலாம். ஞாபகப்படுத்துறது வக்கீல் பொறுப்பு, உக்காந்து முடிக்கிறது உங்க பொறுப்பு.

நீங்க போடுற கையெழுத்து சத்தியப் பிரமாணத்துக்குச் சமம். வக்கீல் போடுற கையெழுத்துக்கும் எடை உண்டு. நியாயமான அளவு விசாரிச்சேன், தப்புன்னு எனக்குத் தெரியலன்னு அவர் உறுதி சொல்றார். அதனால அவர் உங்களைக் குறுக்கு விசாரணை பண்ற மாதிரி கேட்டா கோவப்படாதீங்க. நாம லேப்ல ரீடிங் எடுத்து ரெக்கார்டுல எழுதும்போது, ஒரு ரீடிங்கை விட்டுட்டா கிராஃப் எப்படி வளையும்னு தெரியுமில்ல? அதே கதைதான். கணக்கு போடுறவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும், உள்ள போற நம்பர் தப்புன்னா விடை தப்புதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவுல வேலை பார்த்த ஒரு சீனியர்னு வெச்சுக்கோங்க. வேலை போயிடுச்சு. கிரெடிட் கார்டு பாக்கி 28,000 டாலர். ஆஸ்பத்திரி பில் 14,000. கார் லோன் 9,000. படிப்புக் கடன் 40,000. மொத்தம் 91,000 டாலர். 4 மாசத்துக்கு முன்னாடி அங்கேயே இருக்கிற தன் அண்ணனுக்கு 3,000 டாலர் கைமாத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். ஊர்ல அவர் பேர்ல ஒரு மனை இருக்கு. நல்ல வக்கீல் ஒவ்வொரு வரியையும் எப்படிப் பார்ப்பார்?

கார்டு, ஆஸ்பத்திரி: அடமானம் இல்லாத கடன். சாப்டர் 7-ல சாதாரணமா டிஸ்சார்ஜ் ஆகும். ஆனா மனுவுக்கு முந்தின 90 நாளுக்குள்ள கார்டுல ஆடம்பரச் செலவு பண்ணியிருந்தா, அந்தப் பகுதியை மட்டும் கம்பெனி எதிர்க்கலாம்.

கார்: காரை வெச்சுக்கணும்னா தவணை கட்டித்தான் ஆகணும், இல்லேன்னா திருப்பிக் கொடுத்துட்டு மிச்சக் கடன்ல இருந்து விடுபடலாம். வெச்சுக்கிறதுக்காக "ரீஅஃபர்மேஷன்"னு புது ஒப்பந்தம் போட்டா, அந்தக் கடன் டிஸ்சார்ஜ்ல போகாது. வக்கீல் அதுல கையெழுத்துப் போடணும்னா, இது உங்களுக்குத் தாங்க முடியாத சுமை இல்ல, விளைவை விளக்கிச் சொல்லிட்டேன்னு அவர் உறுதி சொல்லணும்.

படிப்புக் கடன்: தானாப் போகாது. கீழ தனியா சொல்றேன்.

அண்ணனுக்குக் கொடுத்த பணம்: இதுதான் நம்ம ஆட்கள் மாட்டுற இடம். "முதல்ல சொந்தக்காரங்க கடனை அடைச்சுட்டு அப்புறம் மனு போடலாம்"ங்கிறது நம்ம பண்பாடு. ஆனா சட்டம் எல்லாக் கடன் கொடுத்தவங்களையும் ஒரே வரிசையில நிக்க வைக்குது. சொந்தக்காரங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள திருப்பிக் கொடுத்ததை டிரஸ்டி அவங்ககிட்ட இருந்தே வசூல் பண்ண வழி இருக்கு. மத்தவங்களுக்கு இது 90 நாள். அண்ணன் வீட்டுக்கு டிரஸ்டியோட கடிதம் போறதை விட, மனுவுக்கு முன்னாடியே வக்கீலுக்குத் தெரிஞ்சா, எப்போ போடலாம்னு யோசிக்கவாவது முடியும்.

மனை: எழுதணும். மாநிலச் சட்டம் விட்டு வைக்கிற வரம்புக்குள்ள வருமான்னு வக்கீல் பார்ப்பார். வரலேன்னா சாப்டர் 13 நல்லதான்னு யோசிப்பார். தம்பி பேருக்கு மாத்திடலாம்னு ஓடினா அது இன்னும் மோசம். கடன் கொடுத்தவங்களை ஏமாத்துற நோக்கத்தோட மனுவுக்கு முந்தின ஒரு வருஷத்துல சொத்தை மாத்தினா, மொத்த டிஸ்சார்ஜையே மறுக்கலாம். சொத்தை மறைக்கிறது ஃபெடரல் குற்றம். 5 வருஷம் வரைக்கும் ஜெயில்.

இப்போ கூட்டிப் பாருங்க. 91,000-ல உறுதியா போகக் கூடியது கார்டும் ஆஸ்பத்திரியும், 42,000 டாலர். காரைத் திருப்பிக் கொடுத்தா இன்னும் 9,000 குறையும். 40,000 அப்படியே நிக்குது. "எல்லாக் கடனும் போயிடும் சார்"னு முதல் நாளே சொல்ற வக்கீலுக்கும், இந்தக் கணக்கை உக்காந்து காட்டுற வக்கீலுக்கும் வித்தியாசம் இதுதான்.

6. 341 மீட்டிங்: பக்கத்துல இருப்பார், பதில் நீங்கதான் சொல்லணும்

மனு போட்டு 21-ல இருந்து 40 நாளுக்குள்ள, சாப்டர் 13-னா 50 நாளுக்குள்ள, "கடன் கொடுத்தவங்க கூட்டம்" நடக்கும். செக்‌ஷன் 341-ல வர்றதால 341 மீட்டிங்னே பேர். பேரைக் கேட்டா பஞ்சாயத்துல நிக்க வைக்கிற மாதிரி பயமா இருக்கும். நிஜத்துல ஜட்ஜ் வரவே மாட்டார், வரவும் கூடாது. டிரஸ்டிதான் நடத்துவார். இப்போ பெரும்பாலும் வீடியோவுலயே முடிஞ்சுடுது. சாதாரண கேஸ்ல கடன் கொடுத்தவங்க யாரும் எட்டிப் பார்க்கிறதே அபூர்வம். பல கேஸ்ல சில நிமிஷத்துல முடிஞ்சுடும்.

ஆனா அங்க நீங்க சத்தியம் பண்ணிட்டுப் பேசுறீங்க. வக்கீல் பக்கத்துல இருப்பார், முன்கூட்டியே தயார் பண்ணுவார், கேள்வி புரியலேன்னா விளக்கச் சொல்லுவார். உங்களுக்குப் பதிலா அவர் பதில் சொல்ல முடியாது. இங்கிலீஷ் வசதியா வராதவங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு இலவசமா உண்டு. அதை முன்னாடியே வக்கீல்கிட்ட சொல்லி வெக்கணும்.

இந்தக் காலத்துல வசூல் கம்பெனி போன் பண்ணினா நீங்க வாதாட வேண்டாம். கேஸ் நம்பரையும் வக்கீல் பேரையும் சொல்லிட்டு வெச்சுடலாம். அதுக்கப்புறமும் தொல்லை கொடுத்தா, ஸ்டேயை மீறினதுக்காக வக்கீல் கோர்ட்டுக்குப் போகலாம். அதனால எந்தத் தேதியில, எந்த நம்பர்ல இருந்து போன் வந்துச்சுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க.

மீட்டிங் முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கக் கூடாது. பண நிர்வாகம் பத்தின ரெண்டாவது வகுப்பை முடிச்சு, அதுக்கான சான்றிதழ் கோர்ட்டுக்குப் போகணும். போகலேன்னா இவ்வளவு தூரம் வந்தும் டிஸ்சார்ஜ் இல்லாமலே கேஸை மூடிடுவாங்க. சாப்டர் 13-ல வக்கீலோட வேலை இன்னும் நீளம். நடுவுல சம்பளம் குறைஞ்சாலோ, உடம்புக்கு முடியாமப் போனாலோ திட்டத்தை மாத்தச் சொல்லி மனு போட அவரால முடியும். ஆனா நீங்க சொன்னாத்தான் அவருக்குத் தெரியும். ரெண்டு தவணை விட்டுட்டு அமைதியா இருந்தா, அடுத்து வர்றது டிரஸ்டியோட தள்ளுபடி மனுதான்.

7. வக்கீலால முடியாதது

ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு, சமீபத்திய வருமான வரி, மோசடியா வாங்கின கடன் இதையெல்லாம் அவரால போக்க முடியாது.

படிப்புக் கடன் தனி ரகம். "அளவுக்கு மீறின கஷ்டம்"னு நிரூபிச்சாத்தான் போகும். அதுக்கு திவால் கேஸுக்குள்ளேயே தனியா ஒரு வழக்குப் போடணும். பல கோர்ட்டுகள் 1987-ல வந்த பிரன்னர் தீர்ப்போட மூணு கேள்விகளைக் கேட்கும்: கடனைக் கட்டினா குறைந்தபட்ச வாழ்க்கையாவது நடத்த முடியுமா, இந்த நிலை இன்னும் நீண்ட நாள் நீடிக்குமா, கட்டுறதுக்கு நேர்மையா முயற்சி பண்ணினாரா. ஃபெடரல் அரசு கொடுத்த படிப்புக் கடனுக்கு மட்டும் 2022 நவம்பர்ல நீதித்துறை ஒரு எளிமையான நடைமுறையைக் கொண்டு வந்துச்சு. இந்தத் தனி வழக்கு உங்க ஃபீஸ்ல அடங்குமான்னு முன்னாடியே கேளுங்க. பெரும்பாலும் அடங்காது.

நம்மள்ல பலர் அப்பாவைக் கோ-அப்ளிகன்ட்டா போட்டு இங்க பேங்க்ல லோன் வாங்கிட்டுத்தான் போறோம். டிஸ்சார்ஜ் காப்பாத்துறது மனு போட்டவரை மட்டும்தான். கூட கையெழுத்துப் போட்டவரோட பொறுப்பு போகாது. அங்க கோர்ட்டுல என்ன நடந்தாலும் அப்பாவோட கையெழுத்து இங்க அப்படியேதான் இருக்கும். லோன் பேப்பர்ல கையெழுத்து வாங்கும்போதே ஞாபகம் வெச்சுக்க வேண்டிய விஷயம் இது.

கிரெடிட் ரிப்போர்ட்ல 10 வருஷம் வரைக்கும் பதிவு இருக்கலாம். அதை அழிக்கிறேன்னு எந்த வக்கீலும் சொல்ல முடியாது. ஆனா ஒரு ஆறுதல்: திவால் ஆனார்ங்கிற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டுத் தூக்க முதலாளிக்கு உரிமை இல்ல. செக்‌ஷன் 525 அதைத் தடுக்குது.

8. வக்கீல் சரியில்லேன்னா?

போனை எடுக்கிறதில்ல, 341 மீட்டிங்குக்கு முகம் தெரியாத ஒருத்தரை அனுப்புறார், கேஸ் நிலவரம் சொல்றதில்லேன்னா, முதல்ல எழுத்துல கேளுங்க. வக்கீலை மாத்த உங்களுக்கு உரிமை உண்டு. ஃபீஸைப் பரிசீலிக்கச் சொல்லி கோர்ட்டைக் கேட்கலாம். மாநில பார் அமைப்புல புகார் கொடுக்கலாம். செக்‌ஷன் 526-ஐ வேணும்னே மீறினாலோ அலட்சியமா மீறினாலோ, வாங்கின ஃபீஸையும் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் அவர் தர வேண்டி வரும்.

வக்கீல் இல்லாமலே மனு போடவும் சட்டம் அனுமதிக்குது. ஆனா குறைஞ்ச காசுல படிவம் நிரப்பித் தர்றேன்னு வர்ற "பெட்டிஷன் பிரிப்பேரர்"களை வக்கீல்னு நினைச்சுடாதீங்க. அவங்க டைப் அடிச்சுத் தரலாம், அவ்வளவுதான். எந்த சாப்டர் போடலாம், எந்தச் சொத்து தப்பும்னு ஆலோசனை சொல்ல அவங்களுக்கு அனுமதி இல்ல. சொன்னாங்கன்னா அதுவே சட்ட மீறல்.

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள்

1. எனக்குத் திவால் உண்மையிலேயே தேவையா? வேற வழி இருக்கா?
2. 7-ஆ 13-ஆ, ஏன்? இப்போவா, கொஞ்சம் பொறுத்தா?
3. என் கடன்ல எது எது போகும், எது எது நிக்கும்? எழுதிக் காட்டுவீங்களா?
4. ஃபீஸ்ல என்ன அடங்கும், என்ன அடங்காது?
5. 341 மீட்டிங்குக்கு என்னோட வரப்போறது யாரு?
6. கேள்வி இருந்தா யாரைக் கூப்பிடணும், எத்தனை நாள்ல பதில் வரும்?
7. கூட கையெழுத்துப் போட்டவங்களுக்கு என்ன ஆகும்?

நம்ம ஊர் நிலைமையையும் ரெண்டு வரியில சொல்லிடறேன், பரீட்சைக்கு இல்லேன்னாலும் பொது அறிவுக்கு. இந்தியாவுல 2016-ல ஐ.பி.சி.ன்னு புது திவால் சட்டம் வந்தாலும், தனிநபருக்கான பகுதி முழுசா அமலுக்கு வரல. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர்ல இருந்து அமல். மத்த சாதாரண மனுஷங்களுக்கு இன்னமும் சென்னையில 1909-ஆம் வருஷச் சட்டம், மத்த ஊர்கள்ல 1920-ஆம் வருஷச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. மஞ்சக் கடுதாசிங்கிற பேச்சும் அந்தக் காலத்துப் பயமும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கிறதுல ஆச்சரியம் இல்ல.

அமெரிக்கச் சட்டத்துக்கும் குறைகள் நிறைய இருக்கு; காசு இல்லாதவன்கிட்ட முன்பணம் கேட்கிற நிலைமையையே பாருங்க. ஆனா அதோட அடிப்படை நமக்குப் பாடம். நேர்மையா இருந்தும் கடன்ல விழுந்தவனை அது குற்றவாளியாப் பார்க்கல. கணக்கை மறைச்சவனைத்தான் குற்றவாளியாப் பார்க்குது. நம்ம மனசு இதை அப்படியே தலைகீழா வெச்சிருக்கு: கடன்ல விழுந்ததுக்கு வெக்கப்படுறோம், அந்த வெக்கத்துலயே மறைக்கிறோம், மறைச்சதாலேயே சட்டம் தர்ற பாதுகாப்பை இழக்கிறோம்.

அதனால அங்க போற நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அப்படி ஒரு நாள் வந்தா, அண்ணனுக்குக் கொடுத்த 3,000 டாலரையும் ஊர்ல இருக்கிற மனையையும் முதல்ல சொல்ல வேண்டிய இடம் வக்கீலோட மேஜைதான். வக்கீல்கிட்ட பேசுறது ரகசியமா இருக்கும். ஆனா மனுவுல எழுத வேண்டியதை எழுதாம விட அவரால முடியாது. இந்த ரெண்டையும் புரிஞ்சுக்கிட்டுப் போய் உக்காந்தா, மிச்ச வேலையை அவர்கிட்ட தாராளமா எதிர்பார்க்கலாம்.